ஈசானின் பித்தநாளப் புற்றுநோய்: மாத்திரைக்குப் பிறகும் திரும்பும் புழு

உலகின் பெரும்பாலான நாடுகளில் பித்தநாளப் புற்றுநோய் ஓர் அரிய நோய். லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர், மிஞ்சிப்போனால் இருவருக்கு வரும். தாய்லாந்தின் வடகிழக்கில், மீகாங் ஆற்றை எல்லையாகக் கொண்ட ஈசான் பகுதியில் கதை வேறு. அங்குள்ள கோன் கேன் மாகாணத்தை வைத்து ஆய்வுகள் மேற்கோள் காட்டிவந்த விகிதம் லட்சத்துக்கு ஏறக்குறைய 85. இந்த நோய்க்கு வேறெங்கும் இப்படியோர் எண் பதிவானதில்லை. பாதிக்கப்படுபவர்களில் ஆண்களே அதிகம். பெரும்பாலோர் நாற்பதைக் கடந்த விவசாயக் குடும்பத்தினர். கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்து மருத்துவமனைக்கு வரும்போது, அறுவை சிகிச்சையால் கட்டியை அகற்றும் கட்டம் பலருக்குக் கடந்துபோயிருக்கிறது.

ஏன் அங்கே மட்டும் இப்படி? மருத்துவப் பாடநூல்கள் நீளமான காரணப் பட்டியலைத் தருகின்றன: பித்தநாளங்களின் நாள்பட்ட அழற்சி, கல்லீரலுக்குள் உருவாகும் கற்கள், ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், சிரோசிஸ், மது. ஜப்பானின் ஒசாகாவில் ஓர் அச்சகத்தில் வேலைபார்த்த இளம் தொழிலாளர்களுக்கு இதே புற்றுநோய் வந்தபோது, அவர்கள் சுவாசித்த ஒரு கரைப்பான்மீது பழி விழுந்தது. பட்டியல் சரிதான். ஆனால் எல்லாக் காரணங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் ஒரு வட்டாரத்தின் உண்மையான ஆபத்து கண்ணில் படாமல் போய்விடும். ஈசானில் மற்ற எல்லாக் காரணங்களுக்கும் மேலாக நிற்பது ஒரு புழு. அந்தப் புழு உடலுக்குள் எத்தனை முறை நுழைந்தது, எத்தனை ஆண்டு தங்கியது என்பதே அங்கு ஆபத்தைத் தீர்மானிக்கிறது என்று நான் கருதுகிறேன். தடுப்புத் திட்டங்களும் அந்த மறுதொற்றைக் குறிவைத்தே அமைய வேண்டும்.

புழுவின் பெயர் ஓப்பிஸ்தார்க்கிஸ் விவெரினி. கல்லீரல் தட்டைப்புழு வகை. நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. தொற்றுள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் வயல் நீரையும் குளத்தையும் அடைகின்றன. பித்தினியா என்ற சிறு நத்தை அவற்றை விழுங்குகிறது. நத்தைக்குள் பெருகி வெளிவரும் குஞ்சுப் புழுக்கள் கெண்டை இன மீன்களின் சதையில் உறைக்குள் ஒடுங்கிக்கொள்கின்றன. அந்த மீனைப் பச்சையாகத் தின்னும் மனிதர், நாய், பூனை ஆகியோரின் பித்தநாளத்தில் புழு குடியேறுகிறது. பத்தாண்டுக்கும் மேல் அங்கே உயிர்வாழ முடியும். ஈசானின் விருப்ப உணவு கோய் பிளா. பச்சை மீனைக் கொத்தி எலுமிச்சைச் சாறு, மிளகாய், வறுத்த அரிசிப் பொடி, பச்சிலைகள் கலந்து செய்வது. சில நாட்களே புளிக்கவைத்த பிளா சோமிலும் புழு பிழைத்திருக்கலாம். மாதக்கணக்கில் உப்பில் ஊறும் பிளா ராவில் பெரும்பாலும் செத்துவிடுகிறது. மழையை நம்பிய நெல்வயல், வெள்ளம் வந்து கலக்கும் குளங்கள், 1966-இல் கட்டி முடிக்கப்பட்ட உபோல்ரத்தனா போன்ற அணைகளின் நீர்த்தேக்கங்கள் என நத்தைக்கும் மீனுக்கும் ஏற்ற நிலப்பரப்பு இது.

புழுவின் மீதான குற்றச்சாட்டு வெறும் ஊகம் அல்ல. 1978-இல் வெளியான ஒரு சோதனையில் வெள்ளெலி இனத்து ஹாம்ஸ்டர்களுக்குப் புழுத்தொற்றும், குறைந்த அளவு நைட்ரோசமைன் என்ற ரசாயனமும் தரப்பட்டன. இரண்டும் சேர்ந்த குழுவில்தான் பித்தநாளப் புற்றுநோய் தோன்றியது. புழு மட்டும் இருந்தவற்றுக்கோ, ரசாயனம் மட்டும் பெற்றவற்றுக்கோ வரவில்லை. 1991-இல் வடகிழக்கு தாய்லாந்து நோயாளிகளை நோயற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு, புழுவுக்கு எதிரான எதிர்ப்புப்பொருள் அதிகமாக இருந்தவர்களுக்கு ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்று கண்டது. 1994-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புழுவை மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகையில் சேர்த்தது. புகையிலையும் அஸ்பெஸ்டாஸும் அதே வகையில் இருப்பவை. பின்னர் மரபணு ஆய்வுகளும் வந்தன. புழுவால் வந்த கட்டிகளில் டி.பி.53 போன்ற மரபணுக்களின் சிதைவு அதிகம்; புழு இல்லாமல் வந்த கட்டிகளில் ஐ.டி.எச்.1, பி.ஏ.பி.1 மரபணுக்களின் சிதைவு அதிகம். நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரியும் நோய், காரணத்துக்கேற்ப வேறு வேறு தடயங்களை விட்டுச்செல்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தாய்லாந்தில் புழு தொற்றியவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்; புற்றுநோய் வருவது அவர்களில் ஒரு சிறு பங்கினருக்குத்தான். கோன் கேனுக்குள்ளேயே வட்டத்துக்கு வட்டம் தொற்று 2.1 சதவீதத்திலிருந்து 70.8 சதவீதம் வரை மாறுபட்டதை ஓர் ஆய்வு காட்டியது. புற்றுநோய் விகிதமோ மூன்று மடங்கு வேறுபாட்டோடு நின்றது. தொற்று குறைவாக இருந்தும் புற்றுநோய் மிகுந்த வட்டமும் இருந்தது. அப்படியானால் புழுவே காரணம் என்பது எப்படிச் சரி? இந்தக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. அதற்கான விடை புழு வேலைசெய்யும் முறையில் இருக்கிறது. தன் ஒட்டுறுப்புகளால் அது நாளச் சுவரைக் காயப்படுத்துகிறது. திசுவை வளரத் தூண்டும் புரதம் ஒன்றையும் சுரக்கிறது. காயம், ஆறுதல், மீண்டும் காயம் என்று ஆண்டுக்கணக்கில் சுழலும்போது நாளத்தைச் சுற்றி நார்த்திசு தடிக்கிறது. அழற்சி உடலுக்குள்ளேயே நைட்ரோசமைன்களை உருவாக்க, புளித்த மீன் உணவிலிருந்தும் அவை சேர்கின்றன. மது, குடும்பத்து மரபணுக் கூறுகள், 1991 ஆய்வில் தலைகாட்டிய வெற்றிலை பாக்கு ஆகியவை எல்லாம் இந்தப் புண்பட்ட நாளத்தின் மீதுதான் வந்து விழுகின்றன. ஒரு நாள் எடுக்கும் மலப் பரிசோதனை அன்றைய தொற்றைச் சொல்லும். அந்த மனிதரின் முப்பது ஆண்டு வரலாற்றைச் சொல்லாது. வட்டங்களின் கணக்கு ஒட்டாமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணமாக இருக்கலாம் என்பது என் வாதம்.

வரலாறு என்று பார்க்கும்போதுதான் மாத்திரையின் எல்லையும் புரிகிறது. ப்ராசிகுவான்டெல் அருமையான மருந்து. ஒரே வேளை கொடுத்தால் பெரும்பாலானோரின் புழு அழிந்துவிடும். 1981-இல் வடகிழக்கில் 34.6 சதவீதமாக இருந்த தொற்று 2001-இல் 15.7 ஆக இறங்கியது. அது பெரிய சாதனை. ஆனால் 2009-இல் அது 16.6. இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. மருந்து புழுவைக் கொல்லும், அடுத்த தொற்றைத் தடுக்காது. ‘மாத்திரைதான் இருக்கிறதே’ என்ற நம்பிக்கையில் மறுபடி பச்சை மீன் தின்பவர்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மாத்திரையைப் பலமுறை விழுங்கியவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து அதிகம் என்ற ஆய்வு முடிவும் உண்டு. மருந்தே நஞ்சு என்று இதை வாசிப்பது அவசரம். பலமுறை மருந்து வாங்கியவர் பலமுறை தொற்றியவர் என்பதே எளிய விளக்கம்.

உணவுப் பழக்கத்தில் கைவைப்பது ஏழை விவசாயியின் பண்பாட்டைக் குறைசொல்வது ஆகாதா என்று கேட்பவர்களும் உண்டு. பாங்காக்கின் மேட்டுக்குடி ஈசானின் சமையலை நெடுங்காலம் இளக்காரமாகப் பார்த்ததால் அந்தக் கேள்விக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் எலுமிச்சைச் சாறும் சாராயமும் புழுவைக் கொன்றுவிடும் என்பது தவறான நம்பிக்கை; அதைத் திருத்துவது அவமதிப்பு ஆகாது. அதே மசாலாவோடு மீனை நன்றாக வேகவைத்துவிட்டால் புழு செத்துவிடும். கோன் கேனின் லாவா ஏரியைச் சுற்றிய கிராமங்களில் பன்ஜோப் ஸ்ரீபா குழுவினர் மருந்தோடு நிற்கவில்லை. கிராம சுகாதாரத் தொண்டர்கள், பள்ளிப் பாடம், ஏரியில் நத்தை, மீன் கண்காணிப்பு என எல்லாவற்றையும் இணைத்தார்கள். சராசரியாக 60 சதவீதமாக இருந்த தொற்று சுமார் பத்தாண்டில் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தது. ஒரு காலத்தில் 70 சதவீதம் வரை தொற்றியிருந்த மீன்களில் அது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மருந்தால் மட்டும் மீனின் கணக்கு இப்படி மாறியிருக்காது.

ஏற்கெனவே காயப்பட்டவர்களுக்கு இந்த வெற்றி தாமதமாகவே உதவும். இளமையில் பிடித்த புழுவின் விளைவு இருபது, முப்பது ஆண்டு கழித்துத்தான் தெரிகிறது. பெற்றோர் இருவரையும் இந்த நோய்க்குப் பறிகொடுத்த அறுவை மருத்துவர் நரோங் குன்டிகேவ், கோன் கேன் பல்கலைக்கழகத்தில் 2013-இல் தொடங்கிய திட்டத்தின் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியைக் கிராமங்களுக்கே எடுத்துச்சென்றது அதனால்தான். நாளத்தைச் சுற்றிய தடிப்பை முன்கூட்டியே கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருக்கிறது. ஸ்கேன் முடிவைக் குறிக்கும் அட்டையிலேயே ஒருவர் எத்தனை முறை தொற்றினார், கடைசி மாத்திரைக்குப் பின் எத்தனை மாதத்தில் மீண்டும் தொற்றினார் என்பதும் பதிவாக வேண்டும். மலத்தில் முட்டை தேடுவதைவிட நுட்பமான சிறுநீர்ப் பரிசோதனையைக் கோன் கேன் ஆய்வாளர்களே உருவாக்கிவிட்டார்கள். இனி மாவட்டம்தோறும் வழங்கிய மாத்திரைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், ஓராண்டு கழித்தும் புழு திரும்பாதவர்களின் எண்ணிக்கையையும் அரசு வெளியிடலாம்.