படுதா எழுதிய கையும் போட்டோ ஸ்டுடியோவும்

கரிசல் வட்டாரத்தின் நிழற்பட வரலாற்றை எழுத முற்படுவோர், கேமராவைத் தேடிப் போவதற்கு முன்னர் நாடகக் கம்பெனிகளின் படுதாக்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அவ்வட்டாரத்தில் அமைந்த கோவில்பட்டி, தீப்பெட்டிக்கும் பஞ்சுக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போனதைப் போலவே சாமி படம் எழுதுவோருக்கும் பேர்போனது. அதற்கு முதற்காரணமானவர் ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976).

சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் பயின்று, சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் தங்கியிருந்த கொண்டையராஜு, பின்னர் நாடகக் கம்பெனியொன்றில் காட்சித் திரை எழுதுபவராகச் சேர்ந்தார். அக்கம்பெனி 1940களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கலைந்துபோக, அவரும் டி. எஸ். சுப்பையா முதலிய சீடர்களும் அவ்வூரிலேயே தங்கி, ஓவியமும் போட்டோவும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் தொழிலில் இறங்கினர். அவர் பயின்ற பள்ளியை 1850இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரே, 1856இல் சென்னை நிழற்படச் சங்கம் அமைவதற்கும் முன்னின்றவர் என்பதால், கைத்தொழிலும் கேமராவும் தமிழ்நாட்டில் தொடக்கத்திலிருந்தே பங்காளிகள் எனலாம்.

நாடகத் திரை என்பது கெட்டித்துணியில், பசை கலந்த வண்ணத்தால் அரண்மனையையோ காட்டையோ தீட்டுவதாகும். அருகிலுள்ள தூணைப் பெரிதாகவும் தொலைவிலுள்ளதைச் சிறிதாகவும் வரைந்து, தட்டையான துணியில் ஆழம் காட்டும் அந்த வித்தை, ஒற்றைக் கண்ணால் பார்க்கும் லென்சுக்கு அப்படியே பொருந்தியது. ஆயினும் ஸ்டுடியோத் திரைக்கு வேறொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்: சிவப்பொளியை உணராத பழைய வகைப் பிலிமில் செந்நிறம் கறுப்பாகவும், நீலம் வெளுத்தும் பதிவாகும் என்பதால், வண்ணத்தைப் பார்க்கும்போதே அது எந்தச் சாம்பல் நிறமாக மாறும் என்று ஓவியர் மனத்தில் கண்டாக வேண்டும்.

படம் எடுத்த பிறகுதான் கைவேலை உண்மையில் தொடங்கியது. ஒளியும் நிழலும் இடம்மாறிப் பதியும் கண்ணாடித் தகடோ பிலிமோ ‘நெகட்டிவ்’ எனப்படும். அதில் அடர்த்தி கூடிய இடம் அச்சில் வெளுக்கும். எனவே அம்மைத் தழும்பையோ கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தையோ மறைக்க, சாய்வு மேசையில் தேய்த்த கண்ணாடிமேல் நெகட்டிவை வைத்து, அடியிலிருந்து ஒளி வரச்செய்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவர்; கறுக்க வேண்டிய இடத்தைக் கூரிய கத்தியால் மெல்லச் சுரண்டுவர். ‘டச்சிங்’ என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் இவ்வேலையில் முகம் உயிர்பெறுவதும் மெழுகுப் பொம்மையாவதும் கையளவைப் பொறுத்தது. கறுப்பு வெள்ளை அச்சின்மேல் ஒளி ஊடுருவும் சாயத்தைப் பூசிக் கன்னத்துக்கும் புடவைக்கும் நிறம் கொடுப்பது இதன் அடுத்த படி. இதை ஏமாற்று என்று ஒதுக்குவோர், 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லினேயஸ் டிரைப்கூட, காகித நெகட்டிவில் வெறுமையாக விழுந்த வானத்தில் தூரிகையால் மேகம் தீட்டியவர் என்பதை நினைவிற்கொள்வது நல்லது.

ஸ்டுடியோவிலிருந்து ஓவியத்துக்குத் திரும்பி வந்ததும் உண்டு. சிவகாசி அச்சகங்கள் காலண்டர் அடித்துக் குவித்த பத்தாண்டுகளில், கொண்டையராஜு மரபினர் எழுதிய முருகனும் லட்சுமியும் பார்ப்பவரை நேராக நோக்கி, முகத்தில் சீரான ஒளி விழ, பின்னால் மாடமோ மலையோ விரிய நிற்கின்றனர். கல்யாணக் கோலத்தில் ஸ்டுடியோவுக்கு வந்த மணமக்கள் நின்றதும் ஏறக்குறைய அப்படித்தான். தெய்வம் மனிதரைப் பார்த்து நிற்கப் பழகியதா, மனிதர் தெய்வத்தைப் பார்த்துப் பழகினரா என்பதை இனிப் பிரித்தறிவது கடினம். கூலிக்காக மட்டும் உழைத்த கை இரண்டையும் இவ்வளவு நெருங்கப் பிணைத்திருக்க முடியாது என்பது மட்டும் துணிந்து சொல்லத்தக்கது.

பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது டச்சிங் மேசை கணினிக்கு இடம்விட்டது, படுதாக்கள் கிழிந்தும் மக்கியும் போயின. 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணியப் படிகளாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவுடன் மேற்கொண்டது. காலண்டர் ஓவியங்களில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே இடம்பெறுவதால் எழுதியவர் யாரெனத் தெரிகிறது. ஸ்டுடியோ அட்டையிலோ கடையின் பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டிருப்பதால், திரை எழுதியவரையும் டச்சிங் செய்தவரையும் கண்டறிய, அத்தொழிலில் இருந்த மூத்தோரின் வாய்மொழியையே நம்ப வேண்டியிருக்கிறது.