அஞ்சல் பெட்டகமும் கட்டளை வரியும்



கல்லூரியில் சேரும்போது உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி தருகிறார்கள். படிப்பு முடிந்தபின் பல கல்லூரிகள் அதனை மூடிவிடுகின்றன. ஆசிரியரின் பரிந்துரை, கட்டணச் சீட்டு, நேர்முகத் தேர்வுக்கு வந்த அழைப்பு ஆகிய யாவும் அதனுடன் மறைந்துவிடும். மூடுவதற்கு முன்பே அவற்றை வெளியே எடுத்து, ஒழுங்குபடுத்தி வைக்கும் வழியை இன்று விளக்க விரும்புகிறேன்.

கூகுள் அஞ்சலைப் பயன்படுத்துவோர், நிர்வாகம் இசைவு தந்திருக்குமாயின், 'டேக்அவுட்' என்னும் ஏற்பாட்டின் வழியே தம் கடிதங்களைப் பெறலாம். அவை 'எம்பாக்ஸ்' என்னும் வகைக் கோப்பாக வந்து சேரும். அதன் அமைப்பு மிக எளியது. கடிதங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கடிதத்தின் முன்னும் 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லுடன் தொடங்கும் ஒரு வரி எல்லைக்கல்போல் நிற்கும். அச்சொல்லை அடுத்து இடைவெளி வந்தால் அது எல்லைக்கல். முக்காற்புள்ளி வந்தால் அது அனுப்பியவரின் பெயரைக் கூறும் வரி. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க.

இனிக் கட்டளை வரிக்கு வருவோம். சுட்டியால் தொட்டுக் காட்டாமல், வேண்டியதை எழுத்தால் தட்டச்சிட்டுக் கணினியை ஏவும் முறை இது. லினக்ஸ், மேக் கணினிகளில் 'கிரெப்' என்னும் கருவி உடனிருக்கும். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்சன் 1970-களில் ஆக்கியது அது. கோப்பில் நாம் குறிப்பிடும் சொல் உள்ள வரிகளை அது பொறுக்கித் தரும். கருவியின் பெயரை அடுத்துச் சிறுகோடும் 'சி' என்ற ஆங்கில எழுத்தும் இட்டு, எல்லைக்கல் வரியின் தொடக்கத்தையும் கோப்பின் பெயரையும் எழுதினால், வரிகளை அச்சிடாமல் எண்ணிக்கையை மட்டும் கூறும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நாம் எடுக்கும் பட்டியலை அதனோடு ஒப்பிட வேண்டும்.

பள்ளி அலுவலகங்களில் தபால் வரவுப் பதிவேடு ஒன்று உண்டு. நாள், அனுப்பியவர், பொருள் என மூன்று பத்திகள். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் எந்தக் கடிதத்தைத் தேடினாலும் முதலில் புரட்டியது அப்பதிவேட்டைத்தான். நம் பெட்டகத்துக்கும் அத்தகைய பதிவேடு ஒன்று தேவை. 'சப்ஜெக்ட்' என்று தொடங்கும் வரிகளைக் கிரெப்பிடம் கேட்டால் ஆங்கிலத் தலைப்புகள் தெளிவாக வரும். தமிழ்த் தலைப்புகளோ பொருளற்ற ரோமன் எழுத்துக் கோவைகளாக வரும்!

காரணம் யாது? தொடக்கக் கால அஞ்சல் விதிகள் ரோமன் எழுத்துகளை மட்டுமே ஏற்றன. பிற மொழிகளுக்கு இடமளிக்க 1992-ஆம் ஆண்டில் 'மைம்' விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி தமிழ்த் தலைப்பு பெரும்பாலும் 'பேஸ்-64' என்னும் முறையில் மாற்றி எழுதப்படுகிறது. கணினியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. அந்த 3 பைட்டுகள் 4 ரோமன் குறிகளாகின்றன. 'தமிழ்' என்னும் சொல்லில் கணினி காண்பவை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. எனவே அச்சொல் 20 ரோமன் குறிகளாக உருமாறி நிற்கும். 'சான்றிதழ்' என்று தமிழில் தேடினால் கிரெப் ஒன்றையும் காட்டாது. கடிதம் அங்கே இருக்கும், வேற்றுருவில் இருக்கும்.

ஆதலின், எழுத்தை மட்டும் பார்க்கும் கருவி போதாது. அஞ்சலின் விதியறிந்த கருவி வேண்டும். பைத்தான் மொழியுடன் வரும் 'மெயில்பாக்ஸ்' என்னும் பகுதி கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும். 'ஈமெயில்' என்னும் பகுதி மாற்றெழுத்தை மீண்டும் தமிழாக்கும். 'சிஎஸ்வி' என்னும் பகுதி மூன்று பத்திகளையும் அட்டவணையாக எழுதும். இம்மூன்றையும் இணைக்கச் சில வரி நிரலே போதும். அட்டவணையின் உருப்படிகளை முன்னர்க் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் குறைந்தால் எங்கோ கடிதம் விடுபட்டது என்றறிக. கிரெப்பின் எண் சற்று மிகுந்தால், கடிதத்தின் உள்ளேயே 'ஃப்ரம்' என்று தொடங்கிய வரி ஏதேனும் உண்டா எனப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மூலக் கோப்பைத் தொடாமல் படியொன்றில் வேலை செய்யுங்கள். மேலும், அப்பெட்டகத்தில் உங்கள் கடிதங்கள் மட்டுமல்ல, உங்களை நம்பிப் பிறர் எழுதியவையும் உள்ளன. அட்டவணையைப் பிறரிடம் தருமுன் அவர்களை எண்ணிப் பாருங்கள். இப்பணியை இறுதித் தேர்வுக்குப் பின் என்று ஒத்திப்போடாமல், முகவரி உயிரோடிருக்கும்போதே முடித்துவிடுங்கள்.