எக்ஸ்ரே காட்டும் நிழல்



"சளியைப் பரிசோதித்தாலே காசநோய் தெரிந்துவிடுமே, எக்ஸ்ரே இயந்திரத்துக்கு ஏன் இத்தனை செலவு?" என்று சிலர் எங்களைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஏழைகளின் மருத்துவத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு உண்டு. ஆகவே இதைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

1882-ஆம் ஆண்டு ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1895-இல் அதே நாட்டு விஞ்ஞானி ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். சளி பரிசோதனை கிருமியைக் காட்டுகிறது. எக்ஸ்ரே அக்கிருமி உண்டாக்கிய சேதத்தைக் காட்டுகிறது.

காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரியும். நோயினால் கெட்டிப்பட்ட இடம் வெண்மையான நிழலாக விழும். ஆனால் நிமோனியாவும், புற்றுநோயும், எப்போதோ ஆறிப்போன பழைய தழும்பும்கூட இதே போன்ற நிழலைக் காட்டலாம். ஆகையால் படத்தை மட்டும் நம்பி ஒருவருக்கு ஆறு மாத மருந்தைத் தொடங்குவது சரியல்ல. கூடிய மட்டும் சளியில் கிருமி இருப்பதை உறுதி செய்ய வேண்டும்.

அப்படியானால் எக்ஸ்ரே எதற்கு? இருமல் இல்லாத நோயாளிக்காக. இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய் கணக்கெடுப்பில், மக்களிடம் அறிகுறிகளை விசாரித்ததோடு மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். அதில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர், எக்ஸ்ரே இல்லாதிருந்தால் தப்பிப் போயிருப்பார்கள். இப்படிப்பட்டவர்கள் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாமல் வேலைக்குப் போகிறார்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது. புதிதாகக் கண்டறிந்து பதிவு செய்யப்பட்டவர்களோ சுமார் 82 லட்சம் பேரே.

சிறு பிள்ளைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. அவர்கள் உடலில் கிருமிகளும் குறைவு. அவர்கள் விஷயத்தில் டாக்டர் எக்ஸ்ரே படத்தையும், வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா என்ற விசாரிப்பையுமே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நோய் வயிற்றிலோ இருதயத்தைச் சுற்றியோ மறைந்திருக்கலாம். அங்கே ஸ்கேன் எனப்படும் அல்ட்ராசவுண்ட் உதவுகிறது. வீங்கிய நெறிகளையும் தேங்கிய நீரையும் படுக்கையருகிலேயே காட்டிவிடும். சி.டி. ஸ்கேன் இன்னும் நுட்பமானது. ஆனால் செலவும் கதிர்வீச்சும் அதிகம் என்பதால் எல்லாருக்கும் ஏற்றதல்ல.

முன்பு எக்ஸ்ரே என்றால் பிலிம், இருட்டறை, கழுவும் மருந்து, நிலையான மின்சாரம் எல்லாம் வேண்டும். இன்று பேட்டரியில் இயங்கும் கையடக்கக் கருவியைக் கிராமத்துக்கே எடுத்துச் செல்லலாம். படத்தைப் பார்த்துச் சொல்லும் நிபுணர் இல்லாத இடங்களில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் படத்தைக் கம்ப்யூட்டரைக் கொண்டு வாசிக்கலாம் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இந்தியாவில் 2024 டிசம்பரில் தொடங்கிய நூறு நாள் இயக்கத்தில் இத்தகைய கருவிகள் பயன்பட்டன. கதிர்வீச்சை எண்ணிப் பயப்பட வேண்டாம். ஒரு மார்பு எக்ஸ்ரேயில் கிடைக்கும் அளவு, இயற்கையில் சுமார் பத்து நாட்களில் நம்மீது படும் அளவுதான்.

ஆயினும் கம்ப்யூட்டர் சொல்வதும் சந்தேகம் மட்டுமே. அதற்குப் பின் சளி பரிசோதனை வேண்டும். நோய் உறுதியானால் மருந்து வேண்டும். அதை இடையில் நிறுத்திவிடாதபடி வீடு தேடிச் சென்று விசாரிக்க ஒருவர் வேண்டும். இவை இல்லாத ஊரில் எக்ஸ்ரே இயந்திரம் வீண் பொருளே. ஆகவே ஓர் ஊருக்கு எக்ஸ்ரே வந்தது என்று கேள்விப்பட்டால் மகிழுங்கள், கூடவே, "நிழல் தெரிந்தவரை அடுத்து எங்கே அனுப்புகிறார்கள்?" என்றும் தவறாமல் கேளுங்கள்.