தனித்தனியே கரையும் உரம், சேர்ந்தால் பாலாவது ஏன்?

கால்சியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் போட்டால் சட்டெனக் கரைந்துவிடும். மெக்னீசியம் சல்பேட்டும் அப்படித்தான். ஆனால், இரண்டையும் ஒரே டிரம்மில் கொட்டிக் கலக்கினால் தண்ணீர் பால்போல வெளுத்து, அடியில் வெள்ளை மாவு படிகிறது. 'கலப்பட உரம்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் உரத்தின் மேல் தப்பில்லை.

இவை இரண்டுமே உப்பு வகை. நம் வீட்டுக் கல் உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நேர் மின்னேற்றம் கொண்ட சோடியமும், எதிர் மின்னேற்றம் கொண்ட குளோரைடும் அதில் செங்கல் அடுக்கியதுபோல மாறி மாறி அமைந்திருக்கின்றன. இவற்றுக்கு அயனிகள் என்று பெயர். ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருப்பதால், அந்த உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. தட்டினால் வளையாது, உடையும். இவ்வளவு இறுகிய கட்டைத் தண்ணீர் சுலபமாக அவிழ்த்துவிடுகிறது. கரைந்தபின் அயனிகள் தனித்தனியே திரியும். அதனால்தான் உப்புநீரில் மின்சாரம் பாய்கிறது. பாசன நீர்ப் பரிசோதனையில் 'இ.சி.' என்று பார்ப்பதும் இதைத்தான். யூரியா இந்தக் கூட்டத்தில் சேராது. கரைந்தாலும் முழு மூலக்கூறாகவே இருக்கும்.

டிரம்மில் தனியே திரியும் கால்சியம், சல்பேட்டைச் சந்தித்தால் சும்மா இருப்பதில்லை. இரண்டும் சேர்ந்து ஜிப்சம் ஆகிவிடும். நிலக்கடலைக்குக் காசு கொடுத்து வாங்கி இடுகிறோமே, அதே ஜிப்சம்தான்! லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம்தான் கரையும். மீதி சொட்டுவானுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சுண்ணாம்புப் படிவை ஆசிட் விட்டுக் கரைக்கலாம். ஜிப்சம் அதற்கு எளிதில் மசியாது. பிறகு பக்கக் குழாயையே மாற்றவேண்டி வரும்.

0-0-50, அதாவது பொட்டாசியம் சல்பேட்டைச் சேர்த்தாலும் இதே கதை. 12-61-0, 19-19-19 போன்ற பாஸ்பேட் உரங்களோடு சேர்ந்தால் கால்சியம் பாஸ்பேட்டாகப் படியும். எனவே, கால்சியம் நைட்ரேட்டை வேறொரு நாளில் தனியாகக் கொடுங்கள். ஒரே நாளில் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், இடையில் வெறும் தண்ணீரை விட்டுக் குழாயைக் கழுவிவிடுங்கள். 13-0-45 உடன் பயமில்லாமல் கலக்கலாம்.

புது உரம் எதுவானாலும், டிரம்மில் கலக்கும் அதே விகிதத்தில், உங்கள் போர்வெல் தண்ணீரிலேயே ஒரு கண்ணாடி பாட்டிலில் கலந்து இரண்டு மணி நேரம் வையுங்கள். கடின நீர் என்றால் அதிலேயே கால்சியம் இருக்கும். பாஸ்பேட் உரம் தனியாகப் போட்டாலும் கலங்கக்கூடும். பாட்டில் கலங்கினால் அந்தக் கலவையை வெஞ்சுரி பக்கமே கொண்டுபோகாதீர்கள்.