நாமா, நாங்களா?

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உள்ளன. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. அவரை விலக்கினால் 'நாங்கள்'. இந்தியில் 'ஹம்' என்னும் ஒரு சொல்லே இரண்டிற்கும் வழங்குகிறது. உருசிய மொழியிலும் அவ்வாறே. அந்த ஒற்றைச் சொல்லையே தலைப்பாகக் கொண்ட அறிவியல் புதினம் ஒன்று அம்மொழியில் உண்டு. அதனைத் தமிழாக்க முனைபவர் தலைப்பிலேயே தயங்கி நிற்பார்.

அதனை 1920, 1921ஆம் ஆண்டுகளில் எழுதிய எவ்கேனி சமியாத்தின், கப்பல் கட்டும் பொறியாளர். சோவியத் அரசு நூலை வெளியிட இசையவில்லை. 1924இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பே முதலில் நியூயார்க்கில் வெளிவந்தது. சொந்த நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆசிரியரோ 1937இலேயே பாரிசு நகரில் காலமாகிவிட்டார்.

கதை நிகழ்வது பல நூற்றாண்டுகளுக்குப் பின். 'ஒற்றை அரசு' ஆளும் அந்நகரில் பசியில்லை, போரில்லை. வீடுகளின் சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. மக்களுக்குப் பெயர்கள் இல்லை. ஆண்களுக்கு மெய்யெழுத்தும் ஒற்றைப்படை எண்ணும், பெண்களுக்கு உயிரெழுத்தும் இரட்டைப்படை எண்ணும் உண்டு. அனைவரும் ஒரே நொடியில் எழுவர். ஒவ்வொரு கவளத்தையும் 50 முறை மெல்லுவர். படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆயினும் அங்கு வாழ்வோர் அதனை இன்பம் என்றே நம்புகின்றனர்.

டி-503 என்னும் பொறியாளன் எழுதும் நாட்குறிப்பே இப்புதினம். வேற்றுக் கோள்களுக்கும் இந்த 'இன்ப'த்தைக் கொண்டு செல்லும் விண்கலத்தை அமைப்பவன் அவன். ஐ-330 என்னும் பெண்ணைச் சந்தித்தபின் அவனுக்குக் கனவுகள் வருகின்றன. மருத்துவரிடம் செல்கிறான். அவனுள் ஆன்மா உருவாகிவிட்டது என்கிறார் அவர், நோயைக் கூறுவதுபோல!

எஞ்சியிருக்கும் ஒரே நோய் கற்பனைதான் என்று அரசு பின்னர் அறிவிக்கிறது. மூளையில் ஒரு சிறு முடிச்சை எக்சு கதிரால் பொசுக்கினால் அது நீங்கிவிடுமாம். இறுதியில் டி-503உம் பிடிக்கப்பட்டு அச்சிகிச்சைக்கு உட்படுத்தப்படுகிறான். மறுநாளே தோழர்களைக் காட்டிக் கொடுக்கிறான். ஐ-330 வதைக்கப்படுவதை அருகிலிருந்து பார்க்கிறான். அவன் மனத்தில் அசைவே இல்லை. அவளோ வாய் திறக்கவில்லை.

பின்னர்த் தன் பழைய குறிப்புகளைப் புரட்டுகிறான். அவற்றில் உள்ள உணர்ச்சிகளை அவனால் நம்ப இயலவில்லை. கையெழுத்து மட்டும் அவனுடையதாகவே இருக்கிறது.