சரளைக் குழிகளால் குறையும் ஆற்று நீர்: ஈடுகட்ட வைக்கும் கொலராடோ சட்டம்

ஆற்றோரம் சரளைக்கல் வெட்டி எடுப்பதால் கரை அரிக்கப்படுவதும் படுகை தாழ்வதும் பரவலாக அறியப்பட்டவை. ஆனால், ஆற்றில் மோட்டார் வைத்து ஒரு சொட்டு நீரும் இறைக்காத சுரங்கம்கூட ஆற்றின் நீரோட்டத்தைக் குறைக்கக்கூடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் இந்த இழப்பைக் கணக்கிட்டு, அதே அளவு நீரைச் சுரங்க நிறுவனமே ஆற்றுக்குத் திருப்பி அளிக்க வேண்டும் என்று சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கியுள்ளது.

இழப்பு ஏற்படுவது எப்படி?

ஆற்றோரச் சரளைப் படிவு என்பது நீர் நிறைந்த ஓர் அடுக்கு. அதிலுள்ள நிலத்தடி நீரும் ஆற்று நீரும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே குழி வெட்டும்போது, மண்ணுக்கு அடியில் மறைந்திருந்த நீர் வெயிலுக்கும் காற்றுக்கும் வெளிப்படுகிறது. ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சுற்றிலுமிருந்து நீர் குழிக்குள் ஊறுகிறது. இறுதியில் அந்தக் குறை ஆற்றைச் சென்றடைகிறது.

ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு மீட்டர் உயர அளவுக்கு நீர் ஆவியானால், இழப்பு ஒரு கோடி லிட்டர். வெட்டும் பணி நின்ற பிறகும், குழி திறந்திருக்கும் வரை இந்த இழப்பு தொடரும்.

இத்துடன் வேறு இரண்டு இழப்புகளும் உண்டு. கழுவிய சரளையில் ஒட்டிக்கொண்டு லாரியில் வெளியேறும் ஈரம் ஒன்று; புழுதி அடங்கச் சாலைகளில் தெளிக்கப்படும் நீர் மற்றொன்று. சரளையின் எடையில் 4 சதவீதம் ஈரம் என்று கொண்டால், ஒரு லட்சம் டன் சரளையுடன் 40 லட்சம் லிட்டர் நீர் வெளியேறுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

கொலராடோவில் ஆற்று நீர் மீதான உரிமை, யார் முதலில் நீரைப் பயன்படுத்தத் தொடங்கினார் என்பதைப் பொறுத்தது. வறட்சிக் காலத்தில் மூத்த உரிமையாளருக்குப் போக எஞ்சியதே இளைய உரிமையாளருக்குக் கிடைக்கும். ஆற்றோடு தொடர்புடைய நிலத்தடி நீரையும் 1969-ஆம் ஆண்டு சட்டம் இந்த முன்னுரிமை வரிசைக்குள் கொண்டு வந்தது.

நிலத்தடி நீரை வெளிப்படுத்தும் சரளைக் குழியும் சட்டப்படி ஒரு கிணறே என 1988-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், 1980 டிசம்பர் 31-க்குப் பிறகு நீரை வெளிப்படுத்திய குழிகளுக்கு ஈடு செய்யும் கடமையை விதித்தது. அதற்கு முன்பே நீர் வெளிப்பட்ட பரப்புக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

ஈடு செய்யப்படுவது எப்படி?

நிறுவனம் நீர் நீதிமன்றத்தில் நிரந்தர ஈட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் பெறலாம். அல்லது மாநிலப் பொறியாளரிடம் தற்காலிக மாற்று நீர்த் திட்டத்துக்கு அனுமதி பெறலாம். எந்த வழியாயினும் அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. பாதிக்கப்படும் உரிமையாளருக்குத் தேவையான இடத்திலும் காலத்திலும் நீர் ஆற்றைச் சேர வேண்டும்.

காலத்தைக் கணிப்பதே இதில் கடினமான பகுதி. குழி ஆற்றிலிருந்து தள்ளி இருந்தால், கோடையில் ஏற்பட்ட இழப்பு பல மாதங்கள் கழித்தே ஆற்றில் தெரியலாம். எனவே, சுரங்கம் மூடப்பட்ட பிறகும் ஈடு செய்ய வேண்டியிருக்கும்.

இதற்கான நீரை நிறுவனங்கள் நகராட்சிகளிடமிருந்து குத்தகைக்குப் பெறுகின்றன. அல்லது வேளாண் வாய்க்கால்களின் நீர்ப் பங்குகளை வாங்குகின்றன. பங்கை விற்ற வயலில் பாசனம் நிறுத்தப்பட வேண்டும். ஆக, ஆற்றுக்குத் திரும்பும் நீரின் விலையை எங்கோ ஒரு விளைநிலமும் செலுத்துகிறது.

குழியை ஆற்றிலிருந்து முற்றிலும் துண்டிப்பது மற்றொரு வழி. சுற்றிலும் களிமண் சுவர் எழுப்பினால் நிலத்தடி நீர் உள்ளே ஊறாது. இவ்வாறு அடைக்கப்பட்ட பழைய குழிகளை டென்வர் உள்ளிட்ட நகரங்கள் நீர்த்தேக்கங்களாகப் பயன்படுத்துகின்றன.

ஈடு செய்யும் விதியின் கடுமை விவசாயிகளையும் விட்டுவைக்கவில்லை. 2006-இல் போதிய ஈட்டு நீர் காட்ட முடியாததால், சவுத் பிளாட் ஆற்றுப் படுகையில் 400-க்கும் மேற்பட்ட பாசனக் கிணறுகளின் இயக்கம் நிறுத்தப்பட்டது. பயிரிடும் பருவம் தொடங்கிய நிலையில் விவசாயிகள் பெரும் இழப்பைச் சந்தித்தனர்.

இந்தியாவில் நிலை என்ன?

ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016-லும் 2020-லும் மணல் அகழ்வுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆற்றுப்படுகையில் தோண்டும் ஆழத்துக்கு வரம்பு விதிப்பதும், எடுத்த மணல் வெள்ளத்தால் மீண்டும் படிகிறதா என ஆய்வு செய்வதும் இவற்றின் முக்கிய அம்சங்கள்.

அதாவது, இந்திய விதிகள் நிலத்தடி நீரைத் தொடாமல் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டவை. கொலராடோ சட்டம் தொட்ட பிறகு விலை கேட்கிறது. அந்த முறையை அப்படியே இங்குப் பின்பற்றுவதும் எளிதல்ல. இந்தியாவில் நிலத்தடி நீர் உரிமை பெரும்பாலும் நில உடைமையோடு பிணைந்திருப்பதால், முன்னுரிமை வரிசை என்ற அடித்தளமே இல்லை. எனினும், வரம்பை மீறித் தோண்டப்பட்ட குழிகளில் தேங்கி நிற்கும் நீர் இங்கும் ஆவியாகிறது. இந்திய நெறிமுறைகளின்படி நடத்தப்படும் மறுபடிவு ஆய்வு அளப்பது திரும்பி வரும் மணலை. திரும்பாத நீரை அல்ல.