வெயிலும் வெள்ளைப் பெயின்ட்டும்

நம் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்களையும், பின்னர் பஜேரோ வண்டிகளையும் உருவாக்கியது. சகாராப் பாலைவனத்தைக் கடக்கும் டக்கார் பந்தயத்தில் 1985 முதல் 2007 வரை 12 முறை வென்றவை பஜேரோ வண்டிகளே. அத்தகைய பழைய வண்டியைக் கோடைப் பயணத்துக்கு ஏற்றவாறு மாற்ற விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது வெப்பத்தைப் பற்றியே.

தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. இரண்டு சதுர மீட்டர் கூரைக்கு இது இரண்டு இஸ்திரிப் பெட்டிகளின் சூடு! கறுப்புப் பெயின்ட் இதில் பத்தில் ஒன்பது பங்கை உறிஞ்சிவிடும். வெள்ளைப் பெயின்ட் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே பணம் குறைந்தவர் கூரைக்கு மட்டுமாவது வெள்ளை அடிக்கலாம்.

வெப்ப நாடுகளுக்கான லேண்ட் ரோவர் வண்டிகளில் கூரைக்கு மேல் இடைவெளி விட்டு இன்னொரு தகடு அமைத்தனர். நடுவே காற்று ஓடும். கீழ்க்கூரை நிழலில் இருக்கும். மொட்டை மாடிக் கீற்றுக் கொட்டகையின் தத்துவமும் இதுவே.

பெயின்ட் அடிக்குமுன் துருவை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, பிரைமர் பூசி, பட்டி பார்க்க வேண்டும். துருவின்மேல் பூசிய பெயின்ட், கடற்காற்று வீசும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் நிலைக்காது.

ரேடியேட்டர் மூடியையும் கவனிக்க வேண்டும். அது அழுத்தத்தைக் காப்பதால்தான் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிப்பதில்லை. மூடி தேய்ந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். சூட்டோடு திறந்தாலோ வெந்நீர் முகத்தில் பீறிடும்!

நிறம் மாற்றியதும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, பதிவுச் சான்றிதழிலும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கண்ணைக் கவரும் அலங்காரத்தைவிட உயிரைக் காக்கும் குளிர்ச்சியே பயணிக்குத் தேவை அன்றோ?